பேட்மிண்டன் கோடுகளை அழித்த பெண்கள்

குடை கிடைத்துவிட்டது.

போன வாரம் இந்தப் பக்கத்தில், ரவாங் போகும் கம்யூட்டர் ரயிலில் என் கறுப்புக் குடையைத் தவறவிட்ட கதையை எழுதியிருந்தேன். வாசகர்கள் நான்கு பேர் அனுதாபம் தெரிவித்து எழுதினார்கள். அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். குடை என் வீட்டுச் செருப்பு அலமாரிக்குப் பின்னால் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. நாட்குறிப்பில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து, ஓரத்தில் சிவப்பு மையில் திருத்தம் போட்டுவிட்டேன்.

இந்த வாரமும் ஒரு திருத்தம்தான். ஆனால் இது என் வீட்டு அலமாரியைவிடக் கொஞ்சம் பழையது.

ஆறு முப்பத்தைந்து

"ஏக் தோ! ஏக் தோ! டேய் ஹாரிஸ், பைய முதுகுல மாட்டு. வெய் லுன், தூங்காத! ஏக் தோ!"

கிள்ளானில் ரயில் பாதைக்கும் பெரிய கால்வாய்க்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்ட எங்கள் சந்தில், விடியற்காலை இப்படித்தான் தொடங்கும். தனம் அக்காவின் பள்ளிக்கூட வேன் என் வீட்டு வாசலில் வந்து நிற்கும். சந்தின் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக, அந்தத் தாளத்துக்குக் கால் வைத்து ஏறுவார்கள். கடைசியில் கவினேஷ் மட்டும் ஒரு காலில் செருப்போடும் மறுகாலில் சப்பாத்தோடும் ஓடி வருவான்.

தனம் அக்காவுக்கு அறுபத்தேழு வயது. வேனைப் பின்னால் எடுக்கும்போது கண்ணாடியைப் பார்க்காமல் தலையை முழுசாக வெளியே நீட்டிப் பார்ப்பார். கால்வாய்க்கு அந்தப் பக்கம், கூலித் தொழிலாளர்களின் பழைய லைன் வீடுகள் இருந்த இடத்தில் கட்டிய அடுக்குமாடியில் இருக்கிறார்.

சில மாதம் முன்பு ஒரு நாள், நான் காருக்குள் காத்திருந்தேன். வேன் நகர்ந்தால்தான் என் கார் வெளியே வரும். நான் வேலை செய்வது ஒரு மருத்துவமனையின் நோயாளிப் பதிவேட்டுப் பிரிவில். அங்கே தாமதமாகப் போய் எனக்குப் பழக்கமில்லை. ஆகவே முந்தின நாள் தனம் அக்காவுக்கு ஒரு கடிதம் கொடுத்திருந்தேன். வாயிலை மறித்தல் குறித்து. மூன்று குறிப்புகள், கீழே கையெழுத்து.

அவர் ஜன்னல் பக்கம் வந்தார்.

"குட் மார்னிங் மிஸ் கௌரி. லெட்டர் கெடச்சிச்சு. ரொம்ப நல்லா டைப் பண்ணியிருக்கீங்க."

"தப்பா எடுத்துக்காதீங்க அக்கா."

"ரெண்டு நிமிஷம்தான லா நிக்கிறேன்."

"நேத்து நாலு நிமிஷம்."

"எழுதி வச்சிருப்பீங்களே!"

எழுதித்தான் வைத்திருந்தேன். பேச்சை மாற்ற, அது என்ன ஏக் தோ, இந்திப் படமா என்று கேட்டேன்.

"படமா? எங்க அம்மா எங்களக் குளிக்க அனுப்புறதே இப்படித்தான். ஜப்பான்காரன் காலத்துல, இந்தியாவ மீட்கச் சேர்ந்த பெண்கள் படையில பழகினதாம்." ஒரு கையால் வேன் கதவை இழுத்துச் சாத்தினார். "நம்ம வாசகசாலைக்குப் பின்னாலதான் பழகினாங்க. ஒங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. அந்த வாசகசாலைக்குப் பதினோரு வருடமாக நான்தான் செயலாளர்.

ஒரு பலகைக்கு ஒரு தாள்

வாசகசாலை என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஓட்டுக் கூரை, ஒரே அறை, நான்கு மின்விசிறிகள். அதில் மூன்று சுற்றும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் எழுத்தர்களாக இருந்தவர்கள், பத்திரிகை படிக்க ஒரு இடம் வேண்டும் என்று கட்டியது. பின்புறம் ஒரு பேட்மிண்டன் ஆடுகளம்.

இந்த பேட்மிண்டனைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் எழுத்தர்கள் காலையில் சட்டை கசங்காமல் நாற்காலியில் உட்கார்ந்து, மாலையில் அதே சட்டை நனைய ஆடினார்கள். ஆட்டத்தைவிட அவர்களுக்குக் கோடு முக்கியம். பந்து உள்ளேயா வெளியேயா என்ற வழக்குகள் இரண்டு கல்யாணப் பேச்சுகளை முறித்திருக்கின்றன என்று அம்மா சொல்வார். ஒவ்வொரு சனிக்கிழமையும் சுண்ணாம்பு கரைத்து, கயிறு பிடித்து, கோடு போடுவார்களாம். இன்று அந்த இடத்தில் எங்கள் கார்கள் நிற்கின்றன.

நகரின் சிறிய பழைய கட்டடங்களுக்குப் பாரம்பரியப் பலகை வைக்கப் போகிறோம், விண்ணப்பியுங்கள் என்று ஊராட்சி மன்றத்திலிருந்து கடிதம் வந்தது. ஒரே நிபந்தனை. பலகையில் என்ன எழுத வேண்டுமோ, அதற்கு அந்தக் காலத்திலேயே எழுதப்பட்ட ஆவணம் ஒன்றாவது இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு போதாது. விண்ணப்பம் முடியும் நாள் ஒரு வெள்ளிக்கிழமை.

அதற்கு மூன்று வாரம் முன்பு ஒரு கூட்டம் போட்டோம். எங்கள் தலைவர் சிவபாதம் அங்கிள், ஓய்வுபெற்ற பொறியாளர். எழுபத்தெட்டு வயதிலும் சட்டைப் பையில் அளவு நாடா வைத்திருப்பவர். இங்கேயே பிறந்தவர்தான். ஆனால் கோபம் வந்தாலும் மனசு இளகினாலும் அவர் வாயில் யாழ்ப்பாணப் பேச்சு வந்துவிடும். பலகையில் நிறுவனர்களின் பெயர்களைப் போடலாம் என்றார். எல்லோரும் தலையாட்டினோம்.

அப்போது தனம் அக்கா வேன் சாவியோடு உள்ளே வந்தார். அறிவிப்புப் பலகையில் 'குடியிருப்பாளர்களும் வரலாம்' என்று நான்தான் எழுதியிருந்தேன். இதற்கு முன் யாரும் வந்ததில்லை.

"எங்க அம்மா பேரும் போடணும்," என்றார். உட்காரவில்லை. "அஞ்சலை. டவுன்ல குப்பை கூட்டுற வேலை. பதினேழு வயசுல படையில சேர்ந்தாங்க. இந்தச் சுவத்துக்குப் பின்னாலதான் பழகினாங்க. வேலைக்குப் போறதுக்கு முன்னால, விடியக்காலையில. கையில துப்பாக்கி ஏது? தொடப்பக் கட்டைதான். ஒரு கண்ணாடிக்கார ஐயா வந்து, கோடு அழியுதுன்னு கத்தினாராம். 'டில்லிக்குப் போயிட்டு வந்து போட்டுத் தர்றோம், ஐயா'ன்னு அம்மா சொன்னாங்களாம்."

"எந்த ஐயா?" என்று கேட்டார் அங்கிள்.

"தெரியலியே. கண்ணாடி போட்டவர்."

"தனம், இங்க எல்லாருமே கண்ணாடி போட்டவங்கதான்."

சிரித்தோம். தனம் அக்காவும் சிரித்தார். ஆனால் போகவில்லை. அங்கிள் மெதுவாக, ஏதாவது படம் இருக்கிறதா, அட்டை இருக்கிறதா, உடுப்பாவது இருக்கிறதா என்று கேட்டார்.

"வெள்ளக்காரன் திரும்பி வந்ததும் அட்டைய அடுப்புல போட்டுட்டாங்க. உடுப்பக் கிழிச்சு தலகாணிக்குள்ள திணிச்சாங்க. நாங்க அந்தத் தலகாணியிலதான் படுத்தோம். எப்ப இத்துப்போச்சோ, யாருக்குத் தெரியும்?"

அங்கிள் கைகளை விரித்தார். "தாள் வேணுமே, தனம். நான் என்ன செய்ய?"

அன்றைய கூட்டக் குறிப்பில் எழுதினேன்: 'திருமதி தனம் ஒரு கோரிக்கை வைத்தார். ஆவணம் இல்லை.' இரண்டு வாக்கியம். ஒரு வரியில் அடங்கிவிட்டது.

மூன்று பத்தி, ஒரு தவறு

வாசகசாலை அலமாரியில் இருக்கும் எல்லாவற்றுக்கும் நான் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். செயலாளர் ஆன முதல் வருடமே தட்டச்சு செய்தது. எண், பொருள், குறிப்பு என்று மூன்று பத்திகள். அதைப் பார்த்துப் பாராட்டாமல் யாரும் போனதில்லை. நான்தான் எடுத்துக் காட்டுவேன் என்பதும் உண்மை.

விண்ணப்பத்தைப் பார்வையிட மன்றத்திலிருந்து புவான் ஹஸ்லிசா வந்தார். புவான் என்றால் மலாயில் திருமதி. இளம் அதிகாரி. சிரித்த முகம், கையில் குளிர்ந்த தே ஓ, பால் இல்லாத தேநீர். அவருக்கும் பட்டியலைக் காட்டினேன். விரலால் தடவிக்கொண்டே வந்தார். பதினேழாம் எண், 'பித்தளைப் பூட்டு ஒன்று, சாவி இல்லை' என்ற இடத்தில் சிரித்தார். இருபத்து மூன்றாம் எண்ணில் விரல் நின்றது.

'கோப்பு எண் 2603. நாற்காலி விவரம்.'

மற்ற கோப்புகளின் எண்கள் எல்லாம் நூற்று நாற்பதோடு முடிந்துவிடுகின்றனவே, இது மட்டும் ஏன் இரண்டாயிரத்தைத் தாண்டியது என்று மலாயில் கேட்டார். ரயில்வே எண்ணாக இருக்கலாம் என்றேன். பதினோரு வருடமாக அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். அவர் புத்தகத்தை எடுத்து அட்டையைப் பார்த்தார்.

"இனி தாஹுன் ஜெப்புன், புவான்."

இது ஜப்பான் ஆண்டு.

ஜப்பானியர் இங்கே ஆண்டபோது ஆண்டுக் கணக்கையும் தங்களுடையதாக மாற்றியிருந்தார்கள். 2603 என்றால் நமக்கு 1943. புவான் ஹஸ்லிசாவுடைய தாத்தாவின் நிலப் பத்திரத்திலும் இப்படித்தான் இருக்கிறதாம். பட்டியல் போட்ட அன்று நான் முதல் பக்கத்தைத் திறந்து, 'நாற்காலிகள், பன்னிரண்டு' என்று இருந்ததைப் பார்த்து மூடிவிட்டேன். இரண்டாம் பக்கத்தைத் திருப்பவே இல்லை. எண்ணாகத் தெரிந்ததை எண் என்று எழுதினேன். கோப்புகளோடு வாழ்பவர்கள் செய்யும் பிழை இது. வேறு யாராக இருந்தாலும் அதை ஆண்டு என்று சந்தேகித்தாவது இருப்பார்கள்.

புவான் ஹஸ்லிசா போனபிறகு, மூன்று மின்விசிறிகளுக்குக் கீழே உட்கார்ந்து இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். நீல மை, சாய்ந்த எழுத்து. எனக்குப் பழக்கமான எழுத்து. வீட்டில் என் அம்மாவின் பழைய பையில் இருக்கும் சமையல் குறிப்புகூட அந்தக் கையால் எழுதியதுதான். அம்மாவின் அப்பா, எங்கள் வழக்கில் அம்மப்பா, அந்த வருடங்களில் வாசகசாலையின் கௌரவச் செயலாளராக இருந்தவர்.

கண்ணாடி போட்டவர்.

பூட்டு வாங்கத் தீர்மானம்

அவர் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை.

'பின்புற ஆடுகளத்தில், கமிட்டியின் அனுமதி பெறாமல், சில பெண் நபர்கள் அதிகாலையில் படைப் பயிற்சி செய்கிறார்கள். இதனால் சுண்ணாம்புக் கோடுகள் அழிகின்றன. துடைப்பக் கட்டைகளைச் சுவரில் சாய்ப்பதால் வெள்ளை கெடுகிறது. செயலாளர் நேரில் விசாரித்தார். அவர்களில் ஒருத்தி, டில்லிக்குப் போய்த் திரும்பியதும் கோடுகளைத் தாங்களே போட்டுத் தருவதாக மரியாதைக் குறைவாகப் பதில் சொன்னாள். தீர்மானம்: வாயிலுக்கு ஒரு பூட்டு வாங்குவது.'

இரண்டு முறை படித்தேன். முதல் முறை சிரிப்பு வந்தது. இரண்டாம் முறை என் கடிதம் ஞாபகம் வந்தது. வாயிலை மறித்தல் குறித்து, மூன்று குறிப்புகள்.

அங்கிளைக் கூப்பிட்டேன். வந்தார், நின்றுகொண்டே படித்தார், நாற்காலியை இழுத்து உட்கார்ந்து மறுபடி படித்தார்.

"இது போதும் லா, கௌரி! பெண்கள் பழகினது எழுத்துல இருக்கு. பலகை நிச்சயம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "முதல் வரி மட்டும் போதும். கீழ ஒரு தாளை வச்சு மறைச்சுப்போட்டு காப்பி எடு, பிள்ளை."

"ஏன் அங்கிள்?"

"ஏனெண்டு கேக்கிறியோ? நாட்டுக்காகப் போன பிள்ளையளுக்குக் கதவைப் பூட்டினாக்கள் நாங்கள் எண்டு பலகை வைக்கிறதே? உன்ர அம்மப்பாவின்ர பேரைத்தான் காப்பாத்தப் பாக்கிறன்."

அவர் சொன்னதில் எனக்கும் ஆசை இருந்தது. ஒரு வெள்ளைத் தாளை அளவாகக் கத்தரித்தேன். புத்தகத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். அழகாகப் பொருந்தியது. காப்பி இயந்திரத்தில் ஒரு பிரதியும் எடுத்தேன். சுத்தமாக இருந்தது. ஒரு வரி, தேதி, கீழே வெறும் வெள்ளை.

எங்கள் மருத்துவமனையில் ஒரு நோயாளியின் கோப்பிலிருந்து ஒரு தாளை உருவியவரைப் பற்றி மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தவள் நான். அந்த வெள்ளையைப் பார்க்கப் பார்க்க எனக்கு அங்கே என்ன இருந்தது என்பதுதான் தெரிந்தது. மறைந்திருந்தது அம்மப்பாவின் பூட்டு மட்டுமில்லை. அஞ்சலை சொன்ன பதிலும் அந்தத் தாளுக்கு அடியில்தான் இருந்தது. அந்த ஒரு வரியைத் தனம் அக்கா அன்று எல்லோர் முன்னாலும் சொன்னார். நாங்கள் சிரித்தோம்.

பிரதியைக் கிழித்தேன். மறுநாள் அரை நாள் விடுப்பு எடுத்தேன்.

வேனுக்குள்

பள்ளிக்கூட வாசலில், மணி அடிக்க இன்னும் இருபது நிமிடம். தனம் அக்கா ஓட்டுநர் இருக்கையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கறிபாப் தின்றுகொண்டிருந்தார். வேனுக்குள் கிரையான், ஈரக் காலுறை, நேற்றைய நாசி லெமாக் எல்லாம் கலந்த வாசனை.

"என்ன மிஸ், இங்கயும் வாயில மறிச்சிட்டேனா?"

"இல்லக்கா. ஒண்ணு படிச்சுக் காட்டணும்."

பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து, புத்தகத்தை மடியில் வைத்து, முதல் பக்கத்து நாற்காலிகளிலிருந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பூட்டு வரை. எதையும் விடவில்லை.

அவர் கறிபாப்பைத் தாளில் சுற்றி டாஷ்போர்டில் வைத்தார். விரல்களைத் துடைத்தார்.

"அந்த டில்லி வரிய மறுபடி படிங்க."

படித்தேன்.

"இன்னொரு தடவ."

மூன்றாம் முறை படித்தபோது சிரிக்கத் தொடங்கினார். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். தவறிப்போய் ஹாரன் அடித்துவிட்டது. முன்னால் நின்ற வேன்காரர் திரும்பிப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகமெல்லாம் ஈரம்.

"அம்மா போயி பன்னண்டு வருசம். எங்க அண்ணனே நம்பல, மிஸ். 'கெழவி சும்மா கத அளக்குது'ம்பாரு. அம்மாவும் கடைசில சொல்றதையே விட்டுட்டாங்க." புடவைத் தலைப்பு இல்லாததால் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். "இந்த ஐயா யாரு?"

"எங்க அம்மாவோட அப்பா."

என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அதான பாத்தேன். லெட்டர் எழுதுற கை."

எனக்குச் சிரிப்பு வந்தது, வெட்கமும் வந்தது. அங்கிள் சொன்ன யோசனையையும் நான் கத்தரித்த தாளையும் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. வேறு ஒன்றைக் கேட்டார்.

"அம்மா பேரு இருக்கா அதுல?"

"இல்லக்கா. 'சில பெண் நபர்கள்'னுதான் இருக்கு."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்களே," என்றார். "நாற்காலி எத்தனன்னு எண்ணி எழுதத் தெரிஞ்ச மனுசருக்கு, ஆளு பேரு கேக்கத் தோணலியே."

மணி அடித்தது. பிள்ளைகள் ஓடி வந்தார்கள். அவர் இறங்கிக் கதவைத் திறந்தார். அன்று ஏக் தோ சொல்லவில்லை. பிள்ளைகள் குழம்பிப்போய் வாசலில் முட்டிக்கொண்டார்கள்.

திருத்தம் உண்டா?

வியாழக்கிழமை மாலை அவசரக் கூட்டம். வந்தவர்கள் ஒன்பது பேர், தனம் அக்காவோடு பத்து. முழுப் பக்கத்தையும் பிரதி எடுத்து எல்லோர் கையிலும் கொடுத்தேன். அங்கிள் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"மறைக்கேல்லையோ?"

"இல்ல அங்கிள்."

அவர் பெருமூச்சு விட்டார். பிறகு பிரதியைச் சான்றளிக்கப் பேனாவை எடுத்தவர், பக்கத்தின் அடியைப் பார்த்து நிறுத்தினார்.

"இதில நான் கையெழுத்துப் போட ஏலாது."

"முழுசா இருக்கறதாலயா?"

"இல்லை பிள்ளை. இது உறுதிப்படுத்தாத குறிப்பு."

எங்கள் வாசகசாலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கூட்டத்தின் குறிப்பை அடுத்த கூட்டத்தில் வாசிப்போம். திருத்தம் உண்டா என்று கேட்போம். ஒருவர் முன்மொழிய, ஒருவர் வழிமொழிய, தலைவர் அடியில் கையெழுத்திடுவார். அதுவரை அது வெறும் தாள். அம்மப்பாவின் பக்கத்தின் அடியில் கையெழுத்துக்கு விட்ட இடம் காலியாக இருந்தது. அதற்குப் பிறகு உலகப் போர் முடியும்வரை கூட்டமே நடக்கவில்லை. சண்டை முடிந்ததும் புதுப் புத்தகம் தொடங்கி, இதை மறந்துவிட்டார்கள்.

"அப்போ இன்னைக்கு உறுதிப்படுத்தலாம்," என்றேன். "முந்தின கூட்டக் குறிப்புதானே இதுவும்?"

"அங்க இருந்த ஆள்தான் திருத்தம் சொல்லலாம். நாங்க யாருமே பிறக்கல்லியே."

"எங்க அம்மா இருந்தாங்க," என்றார் தனம் அக்கா, பின்வரிசையிலிருந்து.

"நீ உறுப்பினர் இல்லையே, தனம். விதி."

அங்கிள் கெட்டவர் இல்லை. விதி என்று ஒன்று இருந்தால் அதை அளந்து பார்த்துத்தான் தாண்டுவார். நான் மேசை இழுப்பறையைத் திறந்து உறுப்பினர் படிவம் ஒன்றை எடுத்தேன். கால்வாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரும் இதுவரை அதை நிரப்பியதில்லை. கூடாது என்று எந்த விதியும் இல்லை. நாங்கள் கொடுத்ததில்லை, அவ்வளவுதான்.

"திருமதி தனத்தை உறுப்பினராகச் சேர்க்க முன்மொழிகிறேன்."

யார் வழிமொழிவது? எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். அங்கிள் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

"தலைவர் வழிமொழியலாமோ?"

"விதியில தடை இல்ல, அங்கிள்."

"அப்ப நான்."

தனம் அக்கா படிவத்தை நின்றபடியே நிரப்பினார். அதன்பிறகு நான் எழுந்து, பக்கத்தை முழுவதும் வாசித்து, எங்கள் வழக்கப்படி கேட்டேன்.

"திருத்தம் உண்டா?"

"ஒண்ணு இருக்கு, மிஸ். 'சில பெண்கள்'னு போட்டிருக்கு. பேரு போடணும்."

"சொல்லுங்க."

விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். அவர் காலும் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. "அஞ்சலை. முனியம்மா. பாப்பாத்தி. செல்லம்மா. மரியாயி. காளியம்மா. சின்னப்பொண்ணு. ஏழு பேரு. அம்மா எங்களுக்குத் தல வாரும்போது இப்படித்தான் சொல்லிக்கிட்டே வாருவாங்க. ஏழு பேரு முடிஞ்சா சடை முடிஞ்சிடும்."

எழுதினேன். என் தொழில் புத்தி விடவில்லை. தகப்பனார் பெயர்கள் தெரியுமா என்று கேட்டேன்.

"பேரு மட்டும் போதும், மிஸ். ஆனா ஒண்ணு. காளியம்மாவும் சின்னப்பொண்ணும் திரும்பி வரல."

"எழுதட்டுமா?"

"எழுதுங்க."

அங்கிள் தொண்டையைச் செருமினார். "மரியாதைக் குறைவாக எண்டு ஒரு சொல் கிடக்கு. அதையும் எடுத்துவிடலாமே, தனம்?"

"ஐயோ, வேணாம் அங்கிள்! அது இருக்கட்டும். எங்க அம்மா அப்படித்தான்."

அறை முழுவதும் சிரித்தது. இந்த முறை அந்தச் சிரிப்பைத் தொடங்கியவர் அவர்.

"பூட்டு வாங்கினாங்களா?" என்று யாரோ கேட்டார்கள். பட்டியலை எடுத்துக் காட்டினேன். பதினேழு. பித்தளைப் பூட்டு ஒன்று, சாவி இல்லை.

அங்கிள் கையெழுத்திட்டார். அம்மப்பா விட்டுவைத்த இடம் அவர் கையெழுத்துக்குச் சரியாக இருந்தது. மறுநாள் மூன்று மணிக்குள் பிரதி மன்றத்துக்குப் போய்விட்டது. பழைய குறிப்பின் உறுதிப்படுத்திய திருத்தம் என்று பெயர்களையும் புவான் ஹஸ்லிசா ஏற்றுக்கொண்டார். பலகை போன மாதம் வந்தது. மூன்று மொழிகளிலும் ஏழு பெயர்கள். நிறுவனர்களுக்கு இடம் போதவில்லை.

நாற்பத்து நான்கு அடி

பலகைக்கு முன்னால் வேறு ஒரு வேலை நடந்தது.

விண்ணப்பம் கொடுத்த மறுநாள், சனிக்கிழமை காலை, தனம் அக்கா ஒரு வாளிச் சுண்ணாம்போடு வாசகசாலைக்கு வந்தார். பள்ளியில் விளையாட்டும் கழகங்களும் மட்டும் நடக்கும், தாமதமாகத் தொடங்கும் புறப்பாட நாள் என்பதால் பிள்ளைகள் வேனில் காத்திருந்தார்கள்.

"காரெல்லாம் எடுங்க," என்றார். "அம்மா போட்டுத் தர்றேன்னு சொன்னது."

காரை எடுத்தோம். அங்கிள் சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை உருவினார். ஆடுகளத்தின் நீளம் நாற்பத்து நான்கு அடி, ஓர் அங்குலம் குறையக்கூடாது என்றார். நான் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தேன். தனம் அக்கா குனிந்து, பழைய தூரிகையால் இழுத்துக்கொண்டே போனார்.

"கோணுது, கோணுது."

"கோணல அங்கிள், ஒங்க நாடாதான் கோணுது."

"பிள்ளை, கயித்த இழுத்துப் பிடி."

கடைசிக் கோடு முடிந்து அவர் நிமிர்ந்தபோது இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, கால்வாய்ப் பக்கம் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.

அதற்குள் வேன் கதவு திறந்த சத்தம். காத்திருந்து சலித்த பிள்ளைகள் இறங்கி, வரிசையாக, "ஏக் தோ! ஏக் தோ!" என்று கத்திக்கொண்டு ஆடுகளத்தின் குறுக்கே நடந்து வந்தார்கள். காயாத சுண்ணாம்பு சப்பாத்துகளில் ஒட்டிக்கொண்டு எல்லாப் பக்கமும் வெள்ளை வெள்ளையாகப் பதிந்தது. அங்கிள் தலையில் கை வைத்துக்கொண்டார்.

தனம் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "லெட்டர் வருமா, மிஸ்?"

நான் பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்தேன். மணியைப் பார்த்தேன். எழுதினேன்.

'எட்டு ஐம்பது. பின்புறக் கோடுகள் அழிந்தன. அழித்தவர்கள்: ஹாரிஸ், வெய் லுன், கவினேஷ், நூர் ஐஷா, தர்ஷினி, ஜியா யீ.'